கேமராவை விற்க வேண்டாம், கணினியை இடம் மாற்றுங்கள்

தேவகோட்டையிலிருந்து ஓர் ஆசிரியர் கேட்டிருக்கிறார். தனியார் பள்ளியில் கணிதம் நடத்துகிறார். மூத்த மகளுக்கு 9 வயது, இளையவனுக்கு 4. மூன்று ஆண்டுகளாகத் திருமணம், காதுகுத்து, அறுபதாம் கல்யாணம் என்று படம் எடுத்து வருகிறார். வருமானம் வருகிறது, வீட்டில் பேச்சு குறைந்துவிட்டது. "ஞாயிற்றுக்கிழமை அப்பா எங்கே என்று என் மகன் கேட்பதைக்கூட விட்டுவிட்டான். கேமராவை விற்றுவிடலாமா?" என்பது கேள்வி.

விற்க வேண்டாம், தம்பி. விற்றால் ஆறு மாதத்தில் கடன் வாங்கி இன்னொன்று வாங்குவீர்கள். நான் அப்படித்தான் வாங்கினேன். பழைய கேமராவை விற்ற பணம் ஒரு மளிகைக் கடன் அடைக்கப் போனது. புதியதன் தவணை இரண்டு ஆண்டு நீண்டது.

நான் புதுவயலில் ஓர் அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறேன், குடியிருப்பது கோட்டையூரில். படம் எடுக்கத் தொடங்கிப் பதினாறு ஆண்டுகள் ஆகின்றன. எங்கள் ஊரில் பிறந்த ஏ.கே. செட்டியார் 1930களில் தோக்கியோவுக்கும் நியூயார்க்குக்கும் போய்ப் புகைப்படக் கலை படித்தவர். காந்தியைப் பற்றிய ஆவணப்படத்துக்காகக் கண்டம் கண்டமாக அலைந்து 1940இல் அதை வெளியிட்டார். அந்த மண்ணில் இருக்கிறோம் என்ற பெருமை எனக்கும் உண்டு. ஆனால் திங்கட்கிழமை காலை 9 மணிக்கு நான் ஆலையில் இருக்க வேண்டும், நீங்கள் வகுப்பில் இருக்க வேண்டும். நம் கணக்கு வேறு.

கணக்கு என்றே தொடங்குகிறேன், அதுதான் எனக்குத் தெரிந்த தொழில். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு திருமணத்துக்கு எத்தனை மணி நேரம் செலவாகிறது என்று நோட்டில் குறித்தேன். முதல் நாள் மாலை மாப்பிள்ளை அழைப்பும், மறுநாள் விடியற்காலை 3 மணி முதல் பந்தி முடியும் வரையும் சேர்த்து 16 மணி. போக்குவரத்து 3. படங்களைப் பிரதி எடுத்து வைக்க 2. கழித்துத் தேர்ந்தெடுக்க 5. நிறம் திருத்த 11. ஆல்பம் அடுக்க 6. தொலைபேசி, வாட்ஸ்அப், அச்சகம் என்று அலைய 5. மொத்தம் 48 மணி. வாங்கிய தொகை 25,000 ரூபாய். உதவியாளருக்கு 4,000, ஆல்பத்துக்கு 7,000, பெட்ரோலுக்கு 600, கருவிகளின் தேய்மானத்துக்கு 3,000 போனால் மிச்சம் 10,400. மணிக்கு ஏறக்குறைய 217 ரூபாய்.

ரூபாயைப் பார்த்து நான் வருந்தவில்லை. என்னை உலுக்கியது வேறு. அந்த 48 மணியில் நான் வீட்டை விட்டு வெளியே இருந்தது 19 மணிதான். மீதி 29 மணியில் பெரும்பகுதி வீட்டுக் கூடத்தில், பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டியபடி, கணினி முன்னால் கழிந்தது. என் மனைவி ஒரு நாளும் "கல்யாணத்துக்குப் போகாதீர்கள்" என்று சொன்னதில்லை. "கூப்பிட்டால் திரும்பிப் பாருங்கள்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்குத்தான் இரண்டும் ஒன்று போலக் கேட்டது.

பிறகு ஒரு நாள் என் மகன், அப்போது அவனுக்கும் நான்கு வயதுதான், மேசைக்கு அடியில் தவழ்ந்து ஹார்ட் டிஸ்க் வயரைப் பிடித்து இழுத்தான். அது ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் விழுந்து செத்தது. அதற்குள் ஓர் அறுபதாம் கல்யாணம் முழுவதும் இருந்தது. ஆல்பம் கைக்குப் போகும் வரை மெமரி கார்டை அழிப்பதில்லை என்ற பழக்கம் இருந்ததால் படங்கள் தப்பின. ஆனால் கார்டு நினைவுக்கு வருவதற்கு முன்னால் நான் போட்ட சத்தத்தில் அவன் அடுப்படிக்குள் ஓடி அவன் அப்பத்தாவின் முந்தானைக்குள் ஒளிந்துகொண்டான். அதற்குப் பின் பல நாள் நான் கணினியில் உட்கார்ந்தால் அந்தப் பக்கமே வராமல் சுவர் ஓரமாகச் சுற்றிப் போவான்.

அந்த மாதமே கணினியைத் தூக்கிக்கொண்டு போய் அடுத்த தெருவில் என் மாமா வீட்டு முகப்பு அறையில் வைத்துவிட்டேன். செவ்வாய், வியாழன் இரவு 7 முதல் 9.30 வரை. ஐந்து மணி நேரம், அதற்கு மேல் ஒரு வாரத்தில் இல்லை. முடியாதது அடுத்த வாரம். ஆல்பம் அடுக்கும் வேலையை மதுரையில் அதையே தொழிலாகச் செய்பவரிடம் கொடுத்தேன். என்னைவிட அவர் நன்றாகவே செய்கிறார் என்பதை ஒப்புக்கொள்ள எனக்குச் சில மாதம் பிடித்தது. உங்களுக்கு மாமா வீடு இல்லாவிட்டால் அதிகாலை நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 4.30 முதல் 6.30 வரை பிள்ளைகள் தூங்குகிறார்கள், வாட்ஸ்அப்பும் தூங்குகிறது. கூடத்தில் மட்டும் வேண்டாம்.

நேரத்தைச் சுருக்க இன்னொரு வழி, கணினிக்கு வரும் வேலையையே குறைப்பது. நிறம் திருத்த எனக்கு 11 மணி ஆனதற்கு நான் படம் எடுத்த விதம்தான் பெரும்பாலும் காரணம். செட்டிநாட்டு வீட்டுத் திருமணத்தை மண்டபத்தில் எடுப்பது போல எடுத்தால் இப்படித்தான் ஆகும். வளவுக்குள், அதாவது வீட்டு நடு முற்றத்தில், மேலே திறந்த வானத்திலிருந்து நீலம் கலந்த ஒளி இறங்குகிறது. சுற்றுப் பத்தியில் குழல் விளக்கு பச்சை அடிக்கிறது. ஓமத் தீ மஞ்சள். வீடியோக்காரர் கொண்டு வரும் எல்இடி இன்னொரு வெள்ளை. மணமகளின் ஒரு கன்னம் நீலம், மறு கன்னம் மஞ்சள் என்று வந்துவிட்டால் எந்த மென்பொருளிலும் ஒரே இழுப்பில் சரியாகாது. ஒவ்வொரு படமாக உட்கார வேண்டும், மகன் அதற்குள் தூங்கிவிடுவான்.

இப்போது நான் செய்வது இவ்வளவுதான். முதல் நாள் மாலையே வீட்டுப் பெரியவரிடம் கேட்டுப் பத்தியில் இருக்கும் குழல் விளக்குகளை முகூர்த்த நேரத்தில் அணைக்கச் சொல்லிவிடுவேன். பகல் முகூர்த்தம் என்றால் திறந்த வெளிக்கு முதுகு காட்டி நான் நிற்பேன், வான ஒளி அவர்கள் முகத்தில் விழும். இருட்டோடு வரும் முகூர்த்தம் என்றால் வீடியோக்காரரோடு பேசி ஒரே நிற விளக்கு. விளக்கை அணைக்க முடியாத இடத்தில் ஷட்டர் வேகத்தை 1/100 அல்லது 1/50 நொடியில் வைத்துவிடுவேன். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், குழல் விளக்கு நொடிக்கு நூறு முறை துடிக்கிறது. ஷட்டர் அந்தத் துடிப்போடு ஒத்துப்போனால் படத்துக்குப் படம் நிறம் மாறாது. பிளாஷை மேலே திருப்பி அடிக்கும் பழக்கம் பட்டாலைக் கூடத்தில் உதவாது. மேலே இருப்பது பர்மா தேக்கு; அதில் பட்டுத் திரும்பும் ஒளி அனைவர் முகத்திலும் பழுப்பைப் பூசிவிடும். பக்கத்துச் சுவரில் அடிக்கலாம், ஆனால் முட்டை வெள்ளைக் கருவும் சுண்ணாம்பும் சேர்த்து இழைத்த சுவர் கண்ணாடி மாதிரி இருப்பதால் படத்துக்குள் அந்தச் சுவர் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும், வந்தால் வெள்ளைத் திட்டு நிச்சயம். இந்த ஒழுங்குக்கு வந்த பிறகு 11 மணி 4 மணியாக இறங்கியது.

எடுக்கும் படங்களின் எண்ணிக்கையையும் குறையுங்கள். இங்கே ஒவ்வொரு சடங்குக்கும் நேரம் உண்டு, இடம் உண்டு. நகரத்தாரின் குலக் கோயிலான நகரக் கோயிலிலிருந்து மாலை வருவது, பெரியவர்கள் உட்கார்ந்து திருமணப் பதிவு எழுதுவது, தாலி கட்டும் திருப்பூட்டுவது என வரிசை தெரிந்தவன் காத்திருந்து எடுப்பான். தெரியாதவன்தான் பயத்தில் சுட்டுத் தள்ளுவான். முதல் நாளே வீட்டு ஆச்சிகளில் ஒருவரிடம் உட்கார்ந்து முறைகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். கேட்டால் மகிழ்ச்சியோடு சொல்வார்கள், பணியாரமும் கிடைக்கும்.

இனி நாட்காட்டி. நம் தொழிலில் பிள்ளைகளுக்கு எதிரி வைகாசி. பள்ளி விடுமுறையும் முகூர்த்தக் கூட்டமும் மே மாதத்தில் மோதிக்கொள்கின்றன. அப்பா வீட்டில் வேண்டும் என்று பிள்ளைகள் நினைக்கும் அதே நாட்களில் ஊரே உங்களைக் கேட்கும். அந்தப் பருவத்தில் எனக்கு மூன்று திருமணம், நான்காவதை யார் சொன்னாலும் எடுப்பதில்லை. மறுபக்கம், நமக்கு ஒரு சலுகையும் உண்டு. அரையாண்டு விடுமுறை மார்கழியில் விழுகிறது, காலாண்டு விடுமுறை பெரும்பாலும் புரட்டாசியில். இரண்டும் திருமணம் குறைந்த மாதங்கள். என் பிள்ளைகளை நான் எங்கேயாவது அழைத்துப்போனேன் என்றால் அது அந்த நாட்களில்தான். ஆடியிலும் வேலை இராது. அதைக் கருவிகளைத் துடைக்கவும் தூங்கவும் வைத்துக்கொள்கிறேன்.

செட்டிநாட்டுத் திருமணங்களில் இன்னொரு வசதி, தேதி வெகு முன்னதாகத் தெரிந்துவிடும். சென்னையிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருப்பவர்கள் பூர்வீக வீட்டில் வந்து கல்யாணம் செய்வதால் டிக்கெட் போடவே பல மாதம் முன்னால் நாள் குறித்துவிடுவார்கள். எனவே தமிழ் ஆண்டு பிறந்தவுடன் ஒரு மாத நாட்காட்டி வாங்கி, முதலில் வீட்டு நாட்களைச் சிவப்பு மையில் எழுதுங்கள்: பிள்ளைகளின் பிறந்தநாள், பள்ளி ஆண்டு விழா, குலதெய்வம் கும்பிடும் நாள், மனைவியின் ஊர்த் திருவிழா. எங்கள் வீட்டில் அந்த நாட்காட்டி என் மனைவியிடம் இருக்கிறது. யார் அழைத்தாலும் "வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்" என்பேன். தொடக்கத்தில் சிரித்தார்கள். இப்போது சிலர் நேராக அவளுக்கே போன் செய்கிறார்கள், அட்வான்ஸ் பேசுவதில் அவள் என்னைவிடக் கறார்.

வெளிநாட்டுக் குடும்பங்களால் ஒரு தொல்லையும் உண்டு. படங்களை அனுப்பினால் ஆல்பத்துக்கு எவை வேண்டும் என்று தேர்ந்தெடுத்துச் சொல்ல மாதக் கணக்கில் ஆகும். பிறகு வளைகாப்புக்கு முந்தின வாரம் திடீரென்று நினைவு வந்து, ஐந்து நாளில் வேண்டும் என்பார்கள். அந்த ஐந்து இரவு உங்கள் வீட்டுக் கணக்கில் ஏறும். எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: 45 நாளுக்குள் தேர்வு வராவிட்டால் நானே தேர்ந்தெடுத்து அச்சுக்கு அனுப்பிவிடுவேன். இதை எழுதியதால் எனக்கு ஒரு வாடிக்கையாளரும் குறையவில்லை.

பணத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சம்பளக் கணக்கிலிருந்து தனியாக ஒரு வங்கிக் கணக்கு, வருமான வரியில் இந்த வரவையும் காட்டுவது, தவணையில் லென்ஸ் வாங்காமல் இருப்பது. 50 மி.மீ. f/1.8 லென்ஸ் ஒன்று, 24-70 மி.மீ. ஜூம் லென்ஸ் ஒன்று போதும். சுவரையும் தூணையும் வளைக்கும் அகல லென்ஸ் மோகம் எல்லாருக்கும் வரும், போய்விடும். உங்கள் பணி நியமன ஆணையில் வேறு தொழில் செய்யக்கூடாது என்று இருக்கிறதா பாருங்கள். அரசு ஊழியர் என்றால் அனுமதி இல்லாமல் தொடவே கூடாது.

என் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் போனால் இந்தப் பதில் நேர்மையாக இராது. மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார்ந்திருக்கிறாள், மொட்டையடித்த தலையில் சந்தனம், ஒரு காது குத்தியாகிவிட்டது, வீறிட்டு அழுகிறாள். ஆசாரி மறு காதுக்குக் கையை எடுத்துப் போகும்போது நான் "ஒரு நிமிஷம், நிழல் விழுகிறது, கொஞ்சம் இந்தப் பக்கம்" என்று சொல்லிவிட்டேன். என் மைத்துனர் பிள்ளையோடு நகர்ந்தார், பழக்க தோஷம், கேமராக்காரன் சொன்னால் எல்லாரும் நகர்கிறார்கள். அந்த ஒரு நிமிஷமும் குழந்தை அடுத்த குத்துக்குக் காத்திருந்து அழுதது. படம் மிக நன்றாக வந்தது. என் மனைவி அதைச் சட்டம் போட விடவில்லை, இன்றும் அது எங்கள் சுவரில் இல்லை. அதன் பிறகு எங்கள் வீட்டு விசேஷத்துக்கு வெளியாள் ஒருவரைக் கூலிக்கு அழைக்கிறேன். பணம் வாங்கிப் படம் எடுப்பவன் வீட்டில் பணம் கொடுத்துப் படம் எடுப்பதா என்று உறவுக்காரர்கள் கேலி செய்வார்கள். செய்யட்டும். அவர் எடுக்கும் கோணம் எனக்குப் பிடிப்பதில்லை என்பது வேறு கதை. வாயை மூடிக்கொண்டு பந்தியில் பரிமாறுகிறேன்.

கடைசியாக, திருமணம் மட்டும்தான் தொழில் என்று ஏன் நினைக்கிறீர்கள்? நாம் இருக்கும் இடத்தைப் பாருங்கள். ஆத்தங்குடியில் தரைக்கல் செய்பவர்களுக்குப் படம் வேண்டும். 2019இல் கண்டாங்கிச் சேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது, நெய்து விற்பவர்களுக்கு இணையத்தில் போடப் படம் வேண்டும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் விற்பவர்களுக்கும் அப்படியே. இவை ஒரு சனிக்கிழமை முற்பகலில், திண்ணை வெளிச்சத்தில் முடிகிற வேலைகள். தொகை சிறியதுதான், ஆனால் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். தரைக்கல்லை எடுக்கும்போது மட்டும் கவனம்: கண்ணாடித் தட்டின் மேல் வார்த்து எடுப்பதால் அதன் முகம் அப்படிப் பளபளக்கிறது, சன்னலை அப்படியே காட்டிக்கொடுக்கும். பிரதிபலிப்பைக் குறைக்கும் போலரைசர் வடிகட்டி போட்டுச் சாய்வாக நின்று, வடிகட்டியைத் திருகிக்கொண்டே பார்த்தால் ஓரிடத்தில் சன்னல் மறைந்து பூ எழும்பும்.

எனக்கு மிகவும் பிடித்த வேலை இன்னொன்று. இந்த வீடுகளில் சுவரை ஒட்டி, தலைக்கு மேலே சாய்வாக, வரிசையாகத் தொங்கும் பழைய படங்களைப் பிரதி எடுப்பது. இரங்கூனில் எடுத்த நிழற்படங்கள், மேலே வண்ணம் தீட்டியவை, கோட்டும் தலைப்பாகையுமாக நிற்கும் ஐயாக்கள், கால் மாற்றிப் போட்டு உட்காரத் தெரியாமல் நாற்காலியின் நுனியில் இருக்கும் ஆச்சிகள். ஒரு வீட்டுக்கு இருபது, முப்பது பங்காளிகள் இருப்பார்கள். வீடு விற்பனைக்குப் போனால் தேக்குத் தூணுக்கு விலை உண்டு, இந்தப் படங்களை யார் எடுத்துப்போவது என்று தகராறு வரும். ஒவ்வொருவருக்கும் ஒரு பிரதி கொடுத்தால் தகராறு இல்லை.

முறை எளியது, பொறுமைதான் வேண்டும். சட்டத்தைக் கழற்ற அவசரப்படாதீர்கள். நம் ஊர் ஈரத்தில் பல ஆண்டுகள் கிடந்து, படம் கண்ணாடியோடு ஒட்டியிருக்கும். பிரித்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்டனூரில் ஒரு வீட்டில் எனக்கு முன்னால் யாரோ அப்படிப் பிரித்திருந்தார்கள். சட்டையும் கைக்கடிகாரமும் இருந்தன, கழுத்துக்கு மேலே வெறும் தாள். எனவே கண்ணாடியோடே எடுக்க வேண்டும். படத்தைச் சுவரில் செங்குத்தாக நிறுத்தி, இரு பக்கமும் 45 பாகையில் ஒரே மாதிரி விளக்கு வைத்து, கேமராவை நேர் எதிரே முக்காலியில் பொருத்துங்கள். எல்லாம் சரியாக இருந்தும் கண்ணாடியில் உங்கள் வெள்ளைச் சட்டையும் கேமராவும் தெரியும். அதற்குத்தான் கறுப்புத் துணி. ஆறடித் துணியின் நடுவில் லென்ஸ் நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டு, லென்ஸை மட்டும் வெளியே நீட்டி, துணியின் இரு முனையையும் ஒருவர் அகலமாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். என் மகள் எட்டு வயதிலிருந்து பிடித்தாள். கை வலித்தால் மாற்றி மாற்றி, துணிக்குப் பின்னாலிருந்து "இவர் யார், இவருக்கு இவர் என்ன வேண்டும்" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள், வீட்டு ஆச்சி திண்ணையிலிருந்து பதில் சொல்லிக்கொண்டே இருப்பார். பன்னிரண்டு வயதில் அந்தக் குடும்பங்களின் உறவுமுறை என்னைவிட அவளுக்குத் தெரியும்.

அவள் இப்போது திருச்சியில் கல்லூரியில் இருக்கிறாள். மகனுக்கு இதில் ஆர்வம் இல்லை, கிரிக்கெட்தான். வருகிற சனிக்கிழமை பள்ளத்தூரில் ஒரு வீட்டில் 40 படங்கள் எடுக்க ஒப்புக்கொண்டிருக்கிறேன். உங்கள் மூத்தவளை அழைத்துக்கொண்டு காலை 8 மணிக்குக் கோட்டையூர் வந்துவிடுங்கள், சேர்ந்து போகலாம். இளையவனையும் கூட்டி வரலாம், வளவு பெரியது, ஓடட்டும். துணி என்னிடம் இருக்கிறது, பிடிக்கத்தான் ஆள் இல்லை.